துப்பு

சென்ற ஆண்டு இதே மேட்டில்
எங்கள் வண்டியின் முன்கண்ணாடியை உடைத்தார்கள்.
ஊசிப் பெட்டியை ஓடையில் எறிந்தார்கள்.
ஓட்டுநர் லைசனின் முட்டியில்
அந்தக் கல்லின் கணக்கு இன்னும் தீரவில்லை,
படியேறும்போதெல்லாம் கூட்டிப் பார்க்கிறான்.

முலாஞ்சே மலையடிவாரத்தில் அப்போது
இரவுக்கொரு வதந்தி.
அனமபோபா வருகிறார்களாம்,
கூரைப் பொத்தல் வழியே குழாய் விட்டுத்
தூங்குகிறவர் இரத்தத்தை உறிஞ்சுகிறார்களாம்,
எல்லை தாண்டி விற்கிறார்களாம்.
உர விலை, தரகு, தேயிலைத் தோட்டத்துத் தராசு என்று
பகலிலேயே உறிஞ்சப்பட்டவர்களிடம்
அது பொய் என்று காட்ட
என்னிடம் இருந்தது ஓர் அடையாள அட்டை.

இந்த முறை ஊசி இல்லை.
தட்டையான ஒரு குச்சி,
கொஞ்சம் திரவத்தோடு ஒரு குப்பி.
மேல் ஈறில் ஒரு இழுப்பு, கீழ் ஈறில் ஒரு இழுப்பு.
வலிக்காது, வடியாது, விற்கவும் முடியாது,
எச்சிலை எவன் வாங்குவான் என்றேன்.
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

எட்டினா தன் பிள்ளையின் வாயைத் துணியால் பொத்தினாள்.
"இரத்தமாவது காய்ந்தால் போச்சு.
துப்பினால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள்.
சூனியக்காரனுக்கு எச்சில் போதும்.
நீ என்ன, குப்பியில் போட்டு மூடி கேட்கிறாய்?"

நானும் பக்கத்து ஊர்க்காரிதான்.
காலால் மூடி வளர்ந்தவள்தான்.
பயிற்சியில் யாரும் இதைக் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

செய்து காட்டத் தனிக் குச்சி உண்டு.
அன்று எடுத்துவர மறந்திருந்தேன்.
என்ன தோன்றியதோ,
ஓர் உறையைக் கிழித்து
என் ஈறிலேயே இழுத்துக்
குப்பியில் நட்டு
வண்டியின் முன்மூடி மேல் வைத்தேன்.
இருபது நிமிடம் என்றேன்.
சொன்ன பிறகுதான் என் வாய் உலர்ந்தது.

பிளாண்டயரில் ஒருவரை
எட்டு மாதமாக நம்பியிருக்கிறேன்.
நம்பிக்கைக்கு எத்தனை கோடு?

எச்சிலில் தேடுவது கிருமியை அல்ல,
கிருமியோடு சண்டைக்குப் போனவர்களின் காலடியை.
உள்ளே போர் நடந்திருந்தால்
ஈறோரம் வரை அவர்கள் கசிந்திருப்பார்கள்.
பயிற்சியில் எழுதிக்கொண்ட வரி இது,
அந்த இருபது நிமிடத்தில்தான் படித்தேன்.

ஒரு கோழி சக்கரத்தைக் கொத்திப் பார்த்தது.
ஒருத்தி வேர்க்கடலை உரித்தாள்.
லைசன் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டான்.
கூட்டம் கலையவில்லை.
சூனியம் யாருக்குப் பலிக்கிறது என்று
பார்த்துவிட்டுப் போகலாம் அல்லவா.

ஒரு கோடு.

ஒரே கோடு.
மூச்சை விட்டேன், பெரிதாக,
தாதி விடக்கூடாத மூச்சு.
பின்வரிசையில் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தவன்
அதைப் பார்த்துவிட்டான்.
இரண்டாவது கோட்டுக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்று
என்னைவிட அவனுக்குத் தெரிந்தது.
எழுந்து போய்விட்டான்.

பதினொரு பேர் செய்துகொண்டார்கள்.
எட்டினா இல்லை.

இருட்டும் முன் அவன் வந்தான். பெயர் நக்கும்வா.
இங்கே வேண்டாம், கையில் கொடு என்றான்.
கொடுத்தேன். சட்டைப்பைக்குள் குச்சி
பேனாபோல் நின்றது.

"இரண்டு கோடு வந்தால்?"
"அது முடிவல்ல. மருத்துவ நிலையத்துக்கு வாருங்கள்.
விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து
உறுதி செய்வோம்."
"இரத்தம்."
"ஆமாம்."
"கடைசியில் இரத்தம்தான்."
"ஒரு சொட்டு."

ஏமாற்றிவிட்டேன் என்று கத்துவான் என எதிர்பார்த்தேன்.
தலையை ஆட்டினான்,
காலையிலிருந்து இந்த ஊரில்
பொய் சொல்லாத முதல் வார்த்தை அதுதான் என்பதுபோல.

வளைவு வரை நடந்தான்.
ஓரமாய் நின்று துப்பினான்.
செருப்பால் மண்ணைத் தள்ளி, பொறுமையாக, மூடினான்.
சட்டைப்பையை ஒரு முறை தொட்டுக்கொண்டான்.

வண்டி கிளம்ப
லைசன் மூன்று முறை சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது.